'லண்டன் காலிங்' ஆல்பத்தை பேஸிலிருந்து கேளுங்கள்

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளிப்படையாகக் கேட்டிருப்பது இது: "சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றிருக்கிறேன், இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவன். பங்க் ராக்கில் கேட்கத் தகுந்த ஒரே ஓர் ஆல்பத்தைச் சொல்லுங்கள், அது உங்களுக்கு ஏன் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள்." உண்மையில் உங்களை உறுத்துவது கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்கள் போடும் சத்தம் என்று நண்பர்கள் சொல்லும் ஓர் இசையை, பாட்டு வரிகளில் பாதி புரியாத ஒருவர், முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ரசிப்பதில் உண்மை இருக்க முடியுமா, அது வெறும் பாவனையாகிவிடாதா என்று கேட்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி: லண்டனைச் சேர்ந்த தி கிளாஷ் குழு 1979 டிசம்பரில் வெளியிட்ட 'லண்டன் காலிங்'. மற்றதெல்லாம் இரண்டாவது கேள்விக்கான பதில்.

பேஸ் கிடார், அதாவது தாழ்ந்த சுரங்களில் பாட்டுக்கு அடித்தளம் போடும் கிடார், வாசிப்பதும் கற்றுத்தருவதும் என் பிழைப்பு. கடலூர் முதுநகர்க்காரன். தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கி, மெல்லிசைக் குழுக்களோடு கல்யாணம், திருவிழா என்று பல ஆண்டுகள் அலைந்து, இப்போது புதுச்சேரியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஆகவே வாசிப்பு பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் அரசியல், லண்டனின் பேட்டைகள் பற்றிச் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்தது. எந்தப் பாட்டு உயர்ந்தது என்று சொல்லும் இடங்களில் பேசுவது என் ரசனை மட்டுமே. இந்த மூன்றையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

வாசிக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய பங்க் குழுக்கள் மூன்று கார்டு (ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், மேடை ஏறிவிடலாம் என்றார்கள். ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீண்ட கிடார் தனிவாசிப்புகளும் பளபளப்பான மேடைகளும் ராக் இசையைச் சாமானியர்களிடமிருந்து வெகுதூரம் கொண்டுபோயிருந்த காலம் அது. அந்தத் தூரத்தை ஒரே வீச்சில் குறைத்தார்கள். ஆனால் தி கிளாஷ் விஷயத்தில் அந்தப் பேச்சு நால்வரில் ஒருவருக்குத்தான் பொருந்தும். பேஸ் வாசித்த பால் சிமோனன் ஓவியம் படித்த இளைஞர். குழுவில் சேர்ந்தபோது எந்த வாத்தியமும் கை வராது. பேஸின் கழுத்தில் எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று குறித்துவைத்துக்கொண்டு மேடையேறியவர். டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடனோ சோல், ஜாஸ் என்று எல்லா நடைகளும் கைவசம் இருந்த தேர்ந்த வாத்தியக்காரர். கிடார் வாசித்த மிக் ஜோன்ஸுக்கு ஒரு பாட்டை எப்படிக் கட்டுவது, எந்த இடத்தில் எந்த வாத்தியத்தை நுழைப்பது என்பதில் அபாரமான காது. ஜோ ஸ்டிரம்மர் எழுதினார், பாடினார், கிடாரைத் தாளத்துக்கென்றே அடித்தார். தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் தோளோடு தோள் நின்ற குழு. 1979-க்கு வரும்போது சிமோனன் மூன்று ஆண்டுகள் வாசித்துவிட்டார். ஒருவர் தன் வாத்தியத்தைக் கண்டுபிடிக்கும் அந்தப் பருவம் இந்த ஆல்பத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. எனக்கு இது பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

அப்போது அவர்கள் நிலைமை நன்றாக இல்லை. இரண்டு ஆல்பங்கள் வந்திருந்தன, நிர்வாகியோடு முறிவு, கையில் பணமில்லை, புதுப் பாட்டும் இல்லை. லண்டன் பிம்லிகோ பகுதியில் வண்டிப் பட்டறை ஒன்றோடு ஒட்டிய வெனிலா என்ற ஒத்திகைக் கூடத்தில், யாரும் வந்து எட்டிப்பார்க்காத இடத்தில், 1979 கோடையை ஒத்திகையிலேயே கழித்தார்கள். பகலில் கால்பந்து, பிறகு வாசிப்பு. பழைய ராக் அண்ட் ரோல், ஜமைக்காவின் ரெக்கே, ஸ்கா, நியூ ஆர்லியன்ஸ் சாயல் கொண்ட பாட்டுகள் என்று தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாசித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து சொந்தப் பாட்டுகள் முளைத்தன. பிறகு ஹைபரியில் இருந்த வெஸெக்ஸ் ஸ்டுடியோவில் பதிவு. தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் ஒரு தனிப்பிறவி. குடிப்பழக்கத்தில் சீரழிந்துகொண்டிருந்தவர், இரண்டே ஆண்டுகளில் இறந்தும்போனார். பதிவு நடக்கும்போதே நாற்காலிகளைத் தூக்கி வீசினார், ஏணியைத் தூக்கிச் சுழற்றினார் என்பதெல்லாம் கூட இருந்தவர்கள் பலரும் சொல்லியிருப்பது. படச்சுருளிலும் கொஞ்சம் இருக்கிறது. அந்த அமளிக்கு நடுவே ஒலியைத் துல்லியமாகப் பிடித்தவர் பொறியாளர் பில் பிரைஸ். ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்டீவன்ஸின் கிறுக்கைச் சொல்கிறார்கள், பிரைஸை மறந்துவிடுகிறார்கள். பதிவுக் கூடங்களில் வாசித்தவன் என்ற முறையில் எனக்கு இது பொறுக்கவில்லை. அந்த டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது என்றால் அது தானாக நடந்துவிடாது.

மிருதங்கம் கற்றவர் என்பதால் 'பிராண்ட் நியூ கேடிலாக்' என்ற இரண்டாவது பாட்டைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். வின்ஸ் டெய்லர் என்ற பழைய ராக் அண்ட் ரோல் பாடகருடையது. பதிவானபோது பாட்டு போகப்போக வேகம் கூடிவிட்டது. இன்னொரு முறை வாசிக்கலாம் என்று ஹெடன் சொல்ல, ராக் அண்ட் ரோல் என்றாலே ஓடத்தான் செய்யும் என்று ஸ்டீவன்ஸ் அதையே வைத்துக்கொண்டுவிட்டார். நமக்குக் காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம் மாறாமல் காப்பது, கிட்டத்தட்ட ஒழுக்கம். தாளம் ஓடிவிட்டால் குரு தொடையில் தட்டி நிறுத்துவார். என் மாணவர்களையும் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோநோம் கருவியை வைத்துத்தான் வாசிக்க விடுகிறேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் வேகம் கூடும் இடத்தைக் கவனியுங்கள். ஒருவர் முந்தி மற்றவர் பிந்திக் குழம்பவில்லை. நால்வரும் சேர்ந்தே ஓடுகிறார்கள். பாட்டில் காதலி புதுக் கார் வாங்கிக்கொண்டு இவனை விட்டுப் போய்விடுகிறாள். அந்தப் பதற்றத்துக்கு இந்த ஓட்டம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியப்போகும் நேரத்தில் மோரா விழும்போது, கணக்கு பிசகாமலே ஒரு துளி விறுவிறுப்பு ஏறுவதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். இதைக் காட்டி ஆல்பம் முழுவதும் ஒரே டேக்கில் பதிவானது என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. 'தி கார்ட் சீட்' என்ற பாட்டில் பெரிய மேளதாளம் போல ஒலி கிடைக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். எங்கே விட்டுவிட வேண்டும், எங்கே மெனக்கெட வேண்டும் என்று தெரிந்தவர்களின் வேலை இது.

இனி பேஸ். 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' சிமோனன் தானே எழுதித் தானே பாடிய பாட்டு. பாட்டு எழுதுகிறவருக்குத்தான் உரிமைத்தொகை வருகிறது என்று தெரிந்ததும் எழுத உட்கார்ந்தேன் என்று அவரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். தெற்கு லண்டனில் ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் மிகுந்த பிரிக்ஸ்டன் பகுதியில் வளர்ந்தவர். ரெக்கே அவருக்குத் தெருவில் கேட்ட இசை. போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்தால் நீ கையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாயா, துப்பாக்கியோடு வருவாயா என்று பாட்டு கேட்கிறது. பிரிக்ஸ்டனில் பெரும் கலவரம் வெடித்தது 1981-இல். பாட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. அவர் குரல் நல்ல குரல் இல்லை. தட்டையாக, பாதி பேச்சாக வருகிறது. ஆனால் பேஸ் பேசுகிறது.

இதை வகுப்பில் சொல்லித்தரும்போது நடப்பதை விவரிக்கிறேன். சுரங்கள் எளியவை, பிள்ளைகள் ஒரே வகுப்பில் பிடித்துவிடுவார்கள். வாசித்தால் பாட்டு போலவே இருக்காது. காரணம் இடது கை. ஒரு சுரத்தை அடித்ததும் விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிடாமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, கம்பியை விரலடியிலேயே வாயடைக்க வேண்டும். சுரம் எங்கே பிறக்கிறது என்பதைவிட எங்கே சாகிறது என்பதில்தான் அந்த நடை இருக்கிறது. உங்கள் மொழியில் சொன்னால், கார்வையை, அதாவது அடிகளுக்கு நடுவே விடும் இடைவெளியை, வாசிக்க வேண்டும். ரெக்கேயில் பெரும்பாலும் முதல் அடியைக் காலியாக விட்டு, கனத்தை மூன்றாவது அடியில் போடுவார்கள். கிடார் அடிகளுக்கு நடுவே வெட்டிவிட்டுப் போகும். தாளத்தின் முதல் அடியான சமத்தில் எல்லாரும் வந்து விழுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் கால் தரையில் படாதது போலத் தோன்றும். ஆனால் சமத்தில் தொடங்காமல் அரை இடத்தில், முக்கால் இடத்தில் எடுப்பு வைத்த கீர்த்தனைகளுக்குத் தாளம் போட்டவர் நீங்கள்; மற்றவர்களைவிடச் சீக்கிரம் பழகிவிடும். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். முதல் தட்டு விழும்போது பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் சுரத்தின் இடம் தெரியாதவர் இதை அமைத்திருக்கிறார் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான். 1990-இல் பீட்ஸ் இன்டர்நேஷனல் என்ற குழு இந்த பேஸ் வரியை எடுத்துத் தங்கள் பாட்டின் அடித்தளமாக்கியது. அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்தைப் பிடித்தது.

தலைப்புப் பாட்டுக்கு வருகிறேன். 'லண்டன் காலிங்' என்ற தொடரே வானொலியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பி.பி.சி.யின் வெளிநாட்டு ஒலிபரப்பு தன்னை அறிவித்துக்கொண்ட விதம். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையைச் சிற்றலையில், இரைச்சலுக்கு நடுவே குமிழைத் திருகித் திருகிப் பிடித்துக் கேட்ட வீடுகள் எண்பதுகளில் முதுநகரில் எத்தனையோ. இலங்கைச் செய்தி தெரிய வேண்டும் என்று அப்பா சோற்றுத் தட்டோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் வாய் திறக்கக் கூடாது. லண்டனிலிருந்து வருகிற குரல் பதறாமல் நடந்ததைச் சொல்லும் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு இருந்தது. ஸ்டிரம்மர் அந்த அறிவிப்பாளரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பேரழிவுகளை ஒவ்வொன்றாக அறிவிக்கிறார். பனியுகம் வருகிறது, கோதுமை விளையவில்லை, அணு உலையில் பிழை நேர்ந்துவிட்டது, நதி பெருகி ஊர் மூழ்குகிறது. கடைசியில் தன் வீடு ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்று ஒரு வரியைப் போட்டுவிடுகிறார். அதுவரை செய்தி வாசித்தவர் அந்த வரியில் செய்திக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறார். பாட்டு மங்கும்போது கிடார் மோர்ஸ் குறியீட்டில் உதவி கேட்பதுபோல விட்டுவிட்டு ஒலிக்கிறது.

இந்தப் பயங்களில் எதுவும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து 1979 மார்ச்சில்தான் நடந்தது. தேம்ஸ் நதி கடலேற்றத்தில் கரை மீறும் என்ற அச்சத்தில் லண்டனில் ஒரு பெரிய தடுப்பணை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டு வந்தபோது அது முடியவில்லை, திறப்புவிழா 1984-இல்தான். இசையில் இதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்றால், தொடக்கத்தில் கிடாரும் டிரம்ஸும் அடிக்கு ஓர் அடியாக, ராணுவ நடையில் வெட்டி வெட்டி விழுகின்றன. ஈ மைனர் கார்டிலிருந்து எஃப் கார்டுக்கு, அதாவது அரைச் சுரம் மட்டும் மேலே. ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்தைத் தொட்டுத் திரும்பும்போது ஏற்படும் அந்த நெருக்கடியை நினைத்துக்கொள்ளுங்கள். இதை ராகம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது இரண்டு மரபுகளுக்கும் செய்யும் அநியாயம். ஆனால் அந்த அரைச் சுர இடைவெளி நம் காதில் எதைச் செய்யுமோ அதைத்தான் அங்கேயும் செய்கிறது. அதன்மேல் பேஸ் வழுக்கிக்கொண்டு வந்து நுழையும்போது, விறைப்பாக நின்றிருந்த பாட்டு முழுவதும் ஆடத் தொடங்குகிறது.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கும் நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பேஸ் கிடார் ஓர் ஊமைக் கட்டை. ஆனால் அதன் தலையை ஒரு மர அலமாரியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தால் அலமாரி அதிர்ந்து, அறைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவுக்கு ஒலிக்கும். அக்காள் மகன் பிளாஸ்டிக் குடத்தில் தாளம் போட, அப்படித்தான் மாலை நேரங்களில் வாசித்தேன். அவன் கேட்டு வாங்கியது இந்தப் பாட்டைத்தான். பாட்டு என்ன சொல்கிறது என்று அதுவரை அவனுக்கு விளக்கியதில்லை. ஆறும் கடலும் ஊருக்குள் வருவதைப் பற்றிய பாட்டு என்று அன்றைக்குச் சொன்னேன். நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பரில் கெடிலமும் பெண்ணையாறும் பெருகிக் கடலூரைச் சூழ்ந்தபோது அவனே அதை எடுத்துச் சொன்னான். லண்டன்காரர்களின் பயம் வேறு, நம் இழப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் இந்தப் பாட்டைக் கேட்பதில் பாவனை எதுவும் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வரிகள் பாதி புரிவதில்லை என்கிறீர்கள். ஸ்டிரம்மரின் உச்சரிப்பு ஆங்கிலேயர்களுக்கே பாதிதான் புரியும். சொற்களை மென்று, கடித்து, சில இடங்களில் ஓநாய் போல ஊளையிட்டுப் பாடுவார். அதைவிட நல்ல ஆறுதல் 'ஸ்பானிஷ் பாம்ஸ்' பாட்டில் இருக்கிறது. 1936-இல் தொடங்கிய ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் செத்தவர்களையும், அதே கடற்கரைக்கு இப்போது விமானத்தில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பாட்டு. அந்தப் போரின் தொடக்கத்திலேயே கொல்லப்பட்ட கவிஞர் லோர்காவின் பெயரை அதில் சொல்கிறார். பல்லவியில் ஸ்பானிஷ் மொழியில் பாடுகிறார், அதுவும் இலக்கணப் பிழைகளோடு. தனக்கு முழுதும் வராத ஒரு மொழியில், தன்னுடையது இல்லாத ஒரு போருக்காக, தான் பிறப்பதற்கு முன்பே செத்தவர்களுக்காகத் தொண்டை கட்டப் பாடுகிறார். அது பாவனையாக ஒலிக்கவில்லை என்றால், உங்கள் ரசனை மட்டும் ஏன் பாவனையாக வேண்டும்? 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்' என்ற மென்மையான பாட்டும் இப்படித்தான். பாட்டியோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த மிக் ஜோன்ஸின் தனிமையை நினைத்து ஸ்டிரம்மர் எழுதினார், ஜோன்ஸ் பாடினார். அடுத்தவர் வாழ்க்கைக்குள் புகுந்து பார்ப்பது இந்த ஆல்பத்தின் இயல்பு.

வரிகளுக்காகவே ஒரு பாட்டைக் கேட்க வேண்டும் என்றால் அது 'கிளாம்ப்டவுன்'. தொழிற்சாலைச் சீருடை போட்டுக்கொண்டு சம்பளம் வாங்கத் தொடங்கும் இளைஞன் மெல்ல மெல்ல எப்படி அடுத்தவனை மிரட்டும் மேலாளாக மாறுகிறான் என்று சொல்லும் பாட்டு. நெய்வேலியில் ஷிப்ட் முடித்துவிட்டுப் பஸ் பிடித்து என்னிடம் கற்க வரும் பையன் ஒருவன் இருக்கிறான். இதன் பொருளைச் சொன்னதும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, தன் பிரிவில் ஒருவர் இப்படியே மாறிப்போனதை விரிவாகச் சொன்னான். அவனுக்கு ஆங்கிலம் என்னைவிடக் குறைவு.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. லண்டன் வெள்ளைக்கார இளைஞர்கள் ஜமைக்கா இசையை எடுத்து வாசித்துப் புகழ்பெற்றதில் சங்கடம் இல்லையா என்ற கேள்வி அப்போதிருந்தே இருக்கிறது. 1977-இல் அவர்கள் ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாட்டைத் தங்கள் பாணியில் வாசித்தது மர்வினுக்குப் பிடிக்கவில்லை. அதே பாட்டைத் தயாரித்த லீ பெர்ரியோ அதே ஆண்டில் இவர்களுக்கு ஒரு பாட்டைத் தயாரித்துக்கொடுத்தார். ஜமைக்காக்காரர்களிடையிலேயே இரண்டு கருத்து இருந்தது என்றால் கடலூர்க்காரன் தீர்ப்புச் சொல்வது அழகல்ல. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நிறவெறிக்கு எதிராக 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த பெருங்கூட்டத்தில் இவர்கள் மேடையேறி வாசித்தார்கள், இந்த ஆல்பத்தில் தி ரூலர்ஸ், டேனி ரே ஆகியோரின் பாட்டுகளை, எழுதியவர்களின் பெயரோடு வெளியிட்டார்கள். கடன் வாங்கியதை மறைக்கவில்லை.

இது பங்க் ஆல்பமே இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. பித்தளைக் குழல்கள் ஊதுகின்றன, ஆர்கன் ஒலிக்கிறது, ஜாஸ் தள்ளாட்டம் இருக்கிறது, காதல் பாட்டு இருக்கிறது; எனவே துரோகம் என்பது அவர்கள் கட்சி. அனுமதி கேட்காமல் தொடங்குவதுதான் பங்க் என்றால், மூன்று கார்டுக்கு மேலே போகக் கூடாது என்று விதி போடுவதற்கும் யாருடைய அனுமதி வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக 19 பாட்டுகளும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 'லவர்ஸ் ராக்' எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை. சொல்ல வருவதும் தெளிவில்லை, மெட்டும் சாதாரணம். 'ஃபோர் ஹார்ஸ்மென்' இரைச்சலாகத் தொடங்கி இரைச்சலாகவே முடிகிறது. இரட்டை இசைத்தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்கு விற்க வேண்டும் என்று கம்பெனியோடு மல்லுக்கட்டி வென்றவர்கள், அந்தத் தாராளத்தில் இரண்டொரு பாட்டை விட்டிருக்கலாம். கடைசிப் பாட்டான 'டிரெய்ன் இன் வெய்ன்' ஒரு பத்திரிகையோடு இலவசமாகத் தருவதற்கென்று செய்தது. அந்த ஏற்பாடு முறிந்துபோகவே கடைசி நேரத்தில் ஆல்பத்தில் சேர்த்தார்கள். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் பாட்டுப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் வெற்றியைத் தந்தது இந்தப் பெயரில்லாப் பாட்டுதான். ஹெடனின் டிரம்ஸுக்காகவே இதை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன்.

அட்டைப்படத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில், காவலாட்கள் ரசிகர்களை இருக்கையை விட்டு எழ விடாமல் தடுத்துக்கொண்டிருந்த கச்சேரியில், சிமோனன் வெறுத்துப்போய்த் தன் பேஸைத் தரையில் ஓங்கி அடித்த கணம் அது. எடுத்தவர் பென்னி ஸ்மித். படம் தெளிவாக விழவில்லை, அட்டைக்கு வேண்டாம் என்று அவரே சொன்னார். ஸ்டிரம்மரும் வடிவமைத்த ரே லோரியும் விடவில்லை. இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் இருக்கும் எழுத்துகள் எல்விஸ் பிரெஸ்லியின் 1956-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் அட்டையைப் பின்பற்றியவை. வாத்தியத்தைத் தரையில் வைப்பதற்கே யோசிக்கிற மரபில் வந்த நமக்கு அந்தப் படம் வலிக்கும். எனக்கு இன்னும் வலிக்கிறது. பிறர் சொல்கிறார்களே என்று அதைக் கொண்டாட வேண்டியதில்லை.

கேட்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் அதில் வராது, பேஸ் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. ஓரளவு நல்ல ஹெட்போன் போதும். முதலில் 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்', அடுத்து 'ரூடி கான்ட் ஃபெயில்', பிறகு 'டிரெய்ன் இன் வெய்ன்'. இந்த மூன்றிலும் பாடகரை விட்டுவிட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் தொடருங்கள். தாளம் உடம்பில் இறங்கியபின் ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். வரிகளை அதற்கடுத்த சுற்றில் தேடிப் படித்துக்கொள்ளலாம். பிடித்துவிட்டது என்றால் அடுத்து 1980-இல் வந்த 'சாண்டினிஸ்டா' ஆல்பத்துக்குத் தாவாதீர்கள். மூன்று தட்டுகள், 36 பாட்டுகள், புதியவரைத் திணறடித்துவிடும். பின்னோக்கிப் போய் 1977-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். அதற்கு இரண்டு பதிப்புகள் உண்டு. 1979-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது சில பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு பாட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். சிமோனன் கற்றுக்குட்டியாக வாசித்ததைக் கேட்க வேண்டும் என்றால் பிரிட்டிஷ் பதிப்பைத் தேடி எடுங்கள்.